வெண்மையை வியந்த கண்கள்

ஒரு பயணக் கட்டுரையை எதைக் கொண்டு மதிப்பிடுவது? நடையழகைக் கொண்டா, தகவல் நிறைவைக் கொண்டா, எழுதியவரின் உள்ளம் நெகிழ்ந்த அளவைக் கொண்டா? அண்மையில் ஒன்பது கட்டுரைகள் என் மேசைக்கு வந்தபோது இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2024ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் பங்கின் இளைஞர்கள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவுக்குச் சென்றார்கள். நானும் உடன் சென்றேன். காலையில் பாம்பன் தீவின் குந்துகாலில் இருந்து படகேறிக் குருசடைத் தீவு, மாலையில் தனுஷ்கோடி. தீவை ஒட்டிய ஆழமற்ற நீரில், படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியே பவளப் பாறைகளைக் கண்டோம். திரும்பியதும், “பார்த்ததை எழுதுங்கள், நல்லதை இதழுக்கு அனுப்புவோம்” என்றேன். ஒன்பது பேர் எழுதினார்கள். அவற்றைப் பற்றிய மதிப்பீடே இக்கட்டுரை. இளையோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் எழுத்தில் நான் கண்ட பிழைகள் எல்லாம் நம்மிடமிருந்து, நம் இதழ்களிலிருந்து, அவர்கள் கற்றுக்கொண்டவை. அவற்றுள் ஒன்று என்னுடையதே.

முதலில் அவர்கள் சரியாகச் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய எல்லாரும் அடிப்படைச் செய்திகளைப் பிழையின்றித் தந்திருக்கிறார்கள். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி வரிசையாக 21 தீவுகள். அவை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. இவற்றையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் தேசியப் பூங்காவானது. 1989இல் அதைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கல் பவளங்களில் மட்டும் 117 இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. கடற்புல் வெளிகளும், அவற்றை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் இங்கே உண்டு. எண்கள் சரி. ஆனால் எட்டுக் கட்டுரைகளில் இந்த எண்கள் அறிவிப்புப் பலகையிலிருந்து இறங்கித் தாளில் ஏறியதோடு நின்றுவிட்டன. எண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே உறவு ஏற்படவில்லை.

பெயரில் தொடங்கும் பிழை

ஏழு கட்டுரைகள் பவளப் பாறையைப் பூந்தோட்டம் என்கின்றன. பல வண்ணப் பூக்கள் கடலடியில் பூத்திருந்ததாக வருணிக்கின்றன. நான் அதே கண்ணாடி வழியே அதே நேரத்தில் பார்த்தவன். அங்கே இருந்தவை பெரும்பாலும் பழுப்பும், மங்கிய மஞ்சளும், பாசி கலந்த பச்சையும்தான். இளைஞர்கள் பொய் எழுதினார்களா? இல்லை. பவளம் என்ற சொல் அவர்கள் கண்ணுக்கு முன்னே சென்றுவிட்டது.

நம் இலக்கிய மரபில் பவளம் என்றால் சிவப்பு, இதழுக்கு உவமை, நவமணிகளில் ஒன்று. அந்த ஆபரணப் பவளம் வேறு. தீவுகளைச் சூழ்ந்து பாறை எழுப்பும் கல் பவளம் வேறு. ஆபரணப் பவளம் பாறைத் திட்டுகளைக் கட்டுவதில்லை. மன்னார் வளைகுடாவில் நாம் காண்பது மிகச் சிறிய விலங்குகளின் கூட்டம். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகள் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக வளர்ந்து பாறையாகின்றன. கரையோர மக்கள் இதற்குப் ‘பார்’ என்றும் கல் என்றும் பெயர் வைத்தார்கள். அது உழைப்பாளியின் சொல். மீன் எங்கே கிடக்கும், வலை எங்கே கிழியும் என்று அறிந்தவனின் சொல். பவளத் தோட்டம் என்பது கரையில் நின்றவனின் சொல். கட்டுரையாளர்களுள் எழுவர் கரையில் நின்றவனின் சொல்லை எடுத்துக்கொண்டு கடலுக்குள் சென்றார்கள். சொல் காட்டியதைக் கண்டார்கள்.

இங்கே என் பிழையைச் சொல்லியாக வேண்டும். படகு சற்று நகர்ந்தபோது ஓரிடத்தில் தூய வெண்மையாய்க் கிளை விரித்த பவளத் திட்டு ஒன்று தெரிந்தது. சுற்றியிருந்த பழுப்புக்கு நடுவே அது ஒளிர்ந்தது. “இதைப் பாருங்கள், எவ்வளவு அழகு!” என்று அனைவரையும் அழைத்துக் காட்டியவன் நான்தான். படகோட்டி ஒன்றும் சொல்லாமல் சிறிது நேரம் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “பாக்க நல்லாத்தான் இருக்கும் சாமி. ஆனா அது வெளுத்துப் போன கல்லு. தண்ணி சூடு தணிஞ்சா பிழைச்சுக்கும். இல்லேன்னா அது மேல பாசி ஏறிரும்.”

அவர் சொன்னதன் பொருள் இது. பவள உயிரின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரொளியைக் கொண்டு உணவு ஆக்குகின்றன; அதில் பெரும்பங்கைத் தங்கவைத்த உயிருக்குத் தருகின்றன. நாம் காணும் பழுப்பு நிறம் அந்தப் பாசிகளின் நிறம். அது உயிரின் நிறம். கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடாகி அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பவளம் தன் பாசிகளை வெளியேற்றுகிறது. நிறமற்ற தசை வழியே உள்ளிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாய்த் தெரிகிறது. வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பும். இல்லையேல் இறக்கும். சில வேளைகளில் வெளுக்கும் பவளங்கள் கண்ணைப் பறிக்கும் நீலமும் ஊதாவுமாய் ஒளிர்வதும் உண்டு. அதுவும் நோயின் அடையாளமே.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் இப்படிப் பெருமளவு வெளுத்தது. நாங்கள் சென்ற 2024ஆம் ஆண்டின் ஏப்ரலில்தான், உலகக் கடல்கள் பலவற்றிலும் ஒரே காலத்தில் நிகழும் பெரும் வெளுப்பு நான்காம் முறையாக ஏற்பட்டுள்ளதாக அறிவியலார் அறிவித்திருந்தனர். காய்ச்சல் கண்ட குழந்தையின் கன்னச் சிவப்பைக் கண்டு, நல்ல நிறம் என்று தாயிடம் பாராட்டுபவனைப் போல நான் அந்தப் படகில் இருந்திருக்கிறேன்.

ஆறு கட்டுரைகள் அந்த வெண் பவளத்தை வருணிக்கின்றன. பனி, முத்து, நிலா எனப் பல உவமைகள். படகோட்டி சொன்னதை அந்த ஆறில் ஒன்றுகூடக் குறிப்பிடவில்லை. அவர் பேசியபோது எல்லாரும் அருகில்தான் இருந்தார்கள். பங்குத்தந்தை அழகு என்று சொல்லிவிட்டார். படகோட்டி நோய் என்று சொன்னார். யார் சொல் தாளில் ஏறும் என்பதை அவர்கள் ஒரு நொடியில் தீர்மானித்துவிட்டார்கள். இது இலக்கியப் பிழை மட்டுமன்று. யாருடைய அறிவை அறிவாக ஏற்கிறோம் என்ற பிழையும் ஆகும்.

யாருமில்லாத கடல்

இரண்டாவது குறை, இக்கட்டுரைகளின் கடலில் மனிதர்களே இல்லை என்பது. ஒரு கட்டுரை, மனிதக் காலடி படாத தீவுகள் என்று வியக்கிறது. குருசடைத் தீவின் கடலுயிர்களைப் பற்றி 1927இலேயே சென்னை அரசு அருங்காட்சியகம் தனி நூல் வெளியிட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இந்த வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் ஒவ்வொரு பாரையும் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். குருசடையைச் சுற்றிய பவளங்கள்மேல் படர்ந்து மூச்சடைக்கும் கடற்பாசி ஒன்றைப் பற்றி 2008இல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அது இந்தக் கடலில் தானாய்ப் பிறந்ததன்று. அயல்நாட்டிலிருந்து வளர்ப்புக்கெனக் கொண்டுவரப்பட்டது. மனிதக் கை படாத இடம் என்று எழுதுவது அந்த இடத்துக்குப் புகழ் சேர்ப்பது போலத் தோன்றும். உண்மையில் அது, அங்கே வாழ்ந்தவர்களை ஒரே வரியில் வெளியேற்றிவிடுகிறது.

நாங்கள் சென்ற படகுக்குச் சிறிது தொலைவில் சில பெண்கள் கழுத்தளவு நீரில் நின்று மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள். கடற்பாசி எடுப்பவர்கள். கண்ணாடி அணிந்து, கல் கிழிக்காதபடி விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் சேர்ப்பார்கள். தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்துவருபவர்கள் இவர்கள். பூங்கா வந்த பிறகு, தீவுகளைச் சுற்றிய நீரில் இறங்குவதே சட்டத்துக்கு மாறானதாகிவிட்டது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த, இத்தொழில் செய்யும் பெண்மணி ஒருவருக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருது 2015இல் கிடைத்தது. கட்டுப்பாட்டோடு பாசி எடுக்கும் முறையையும், தம் போன்ற பெண்களின் உரிமையையும் முன்வைத்தவர் என்பதே அதற்குக் காரணம். ஆகவே இங்கே காப்பதும் பிழைப்பதும் எப்போதும் எதிரெதிர் அல்ல. எனினும், காப்பதற்கான விலையை யார் முதலில் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அந்த நீரில் கழுத்தளவு நின்றுகொண்டிருந்தது. கட்டுரையாளர் ஒருவர் மட்டும் அந்தப் பெண்களைக் குறிப்பிட்டார். தொலைவில் தலைகள் தாமரை மொட்டுகள் போல மிதந்தன என்று.

நம் நாவல் இலக்கியம் இந்தக் குறையை வெகுநாளைக்கு முன்பே கடந்துவிட்டது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) ஆகியவற்றைப் படித்தவர்களுக்குக் கடல் என்பது காட்சி அன்று என்பது தெரியும். அங்கே காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர்களைச் சொல்லும் மனிதர்கள் உண்டு. பயணக் கட்டுரை மட்டும் ஏன் இன்னும் யாருமில்லாத கடலை எழுதிக்கொண்டிருக்கிறது? விருந்தினராகச் சென்ற வீட்டில் சுவர்ப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டாரை நலம் விசாரிக்காமல் திரும்புவதைப் போன்றது இது.

முடிவுரை என்னும் சோதனை

மூன்றாவது குறையைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஏனெனில் அது என் தொழிலிலிருந்து வந்த குறை. எட்டுக் கட்டுரைகளும் ஒரே மாதிரி முடிகின்றன: மனிதனின் பேராசையால் இயற்கை அழிகிறது, நாம் மனம் மாற வேண்டும். சொல்லப்பட்டது உண்மையே. ஆயினும் ‘மனிதன்’ என்ற அந்தச் சொல்லில் யாரும் இல்லை. எல்லாரையும் குற்றம் சாட்டும் வாக்கியம் எவரையும் தொடுவதில்லை. எழுதியவரும் படிப்பவரும் சேர்ந்து தலையசைத்துவிட்டு எழுந்து போகலாம். ஞாயிறுதோறும் மறையுரை ஆற்றுபவன் என்ற முறையில், அந்த வாக்கியம் எவ்வளவு எளிதாக நாவில் வரும் என்பதை நான் அறிவேன்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு நம் திருச்சபையின் ஏடுகளிலேயே உள்ளது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ திருமடலின் 41ஆம் பத்தி பவளப் பாறைகளைப் பற்றியது. அது பேராசை என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கவில்லை. காடழிப்பு, ஒற்றைப் பயிர் வேளாண்மை, ஆலைக் கழிவு, வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிக்கும் முறை எனக் காரணங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. பிலிப்பைன்ஸ் ஆயர்கள் தங்கள் நாட்டுக் கடலைப் பற்றி 1988இலேயே எழுதிய மடலையும் அது எடுத்தாள்கிறது. தங்கள் கடலைத் தாங்களே பார்த்து எழுதியவர்களின் சொல் 27 ஆண்டுகள் கழித்து உலகத் திருச்சபைக்கே சொல்லாயிற்று. பெயர் சொல்லும் எழுத்துக்கு உள்ள வலிமை அதுவே.

சுவரில் இருந்த கடல்

இனி ஒன்பதாவது கட்டுரை. எழுதியவள் கல்லூரி முதலாண்டு மாணவி. தாய்வழியில் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையைச் சேர்ந்தவள். இரண்டு பக்கம்தான். ஒற்றுப்பிழைகள் மிகுதி. நடுவில் ஓரிடத்தில் காலம் குழம்புகிறது. வெளுப்பைப் பற்றி அவளும் எழுதவில்லை. முடிவு சட்டென்று அறுந்து நிற்கிறது. இவ்வளவு குறைகளும் இருந்தும், ஒன்பதில் பயணக் கட்டுரை என்று சொல்லத்தக்கது அது ஒன்றே.

காலையில் கண்ணாடி வழியே மூளையின் மடிப்புகள் போன்ற கோடுகள் உடைய உருண்டைக் கல் ஒன்றைக் கண்டதாக அவள் எழுதுகிறாள். மாலையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் எச்சமாய் நிற்கும் கோவிலின் முன் எல்லாரும் நிழற்படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் கடலுக்குள் கண்ட அதே மடிப்புகள் அந்தச் சுவரில் இருந்தன. அந்தக் கோவில் பவளக் கல்லால் கட்டப்பட்டது. மற்ற எட்டுப் பேரும் இரண்டு இடங்களையும் பார்த்தார்கள், இரண்டையும் வருணித்தார்கள், ஒன்றின் உடம்புதான் மற்றொன்றின் சுவர் என்பதைக் காணவில்லை. நானும் காணவில்லை. நான் அந்தக் கோவிலின் முன்னே நின்று, இயற்கையின் சீற்றம் மனிதன் கட்டியதை அழித்துவிட்டது என்று சிறிய சிந்தனை ஒன்று வழங்கினேன்!

அடுத்த பத்தியில் அவள் தன் தாத்தாவைப் பற்றி எழுதுகிறாள். அவர் கல் எடுக்கப் போனவர். வள்ளத்தில் தீவோரம் சென்று, கடப்பாரையால் பவளக் கல்லைப் பெயர்த்து ஏற்றி வருவது தொழில். கல் வீடு கட்டப் போயிற்று. காளவாயில் வெந்து சுண்ணாம்பாயிற்று. கூலி அன்றன்றைக்கு. அப்போது விலாங்குச்சல்லித் தீவில் இறங்கிக் கஞ்சி குடித்ததாகத் தாத்தா சொல்வாராம். இப்போது அந்தத் தீவு நீருக்கடியில்.

அவள் எழுதியது மெய். தூத்துக்குடித் தொகுதியில் விலாங்குச்சல்லியும், கீழக்கரைத் தொகுதியில் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மறைந்துவிட்டன. இத்தீவுகள் மணல் திட்டுகள். அலையின் வேகத்தை முன்னே நின்று தாங்கியது பார். அதைப் பெயர்த்தெடுத்த பின் அலை நேரே மணலில் மோதுகிறது, மணல் கரைகிறது. 2001இல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 அளவில்தான் தூத்துக்குடிப் பக்கத்தில் கல் எடுப்பது நின்றது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் சிமெண்டால் செய்த செயற்கைப் பார்களைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. இயற்கை இலவசமாகக் கட்டித் தந்திருந்த மதிலைச் சுண்ணாம்பாக்கிவிட்டு, சிமெண்டால் மதில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கட்டுரையைத் தந்த மறுநாள் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். தாத்தாவைப் பற்றிய பத்தியை நீக்கிவிட வேண்டும் என்றாள். “படிக்கிறவங்க தாத்தாவைத் திருடர் மாதிரி நினைச்சிருவாங்க சாமி” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் அவள் கட்டுரையும் மற்ற எட்டைப் போல ‘மனிதனின் பேராசை’ என்று முடியக்கூடியதுதான். இருக்கவிட்டால், கூலிக்குக் கல் சுமந்த ஒரு முதியவர் அந்த ‘மனிதன்’ ஆகிவிடுவார். அந்தக் கல்லை விலைக்கு வாங்கியவர்களும், சுண்ணாம்பு பூசி வீட்டைப் புதுப்பித்தவர்களும், அத்தகைய சுவருக்குள் நின்று செபித்தவர்களும் தப்பிவிடுவார்கள்.

அவளிடம் இரண்டு செய்திகள் சொன்னேன். ஒன்று: நீ அவர்மேல் தீர்ப்பு எழுதவில்லை, அவர் கை எங்கெல்லாம் பட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சுவரைத் தொட்ட உன் கையும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஆகவே படிப்பவன் உன் தாத்தாவைத் தனியே நிறுத்திக் கல்லெறிய முடியாது. இரண்டு: அது அவர் வாழ்க்கை. நீக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் நீயும் அல்ல, நானும் அல்ல. அவரைக் கேள்.

பத்து நாள் கழித்து வந்தாள். தாத்தாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினாளாம். அவர் ஒரேயொரு திருத்தம்தான் சொன்னாராம். அவள் ‘பவளப் பாறை’ என்று எழுதியிருந்த இடத்தில் பாரின் பெயரைச் சொல்லி, அதைப் போடச் சொன்னாராம். பிறகு, “எடுத்தது எடுத்ததுதான். எழுதிக் குடு” என்றாராம்.

ஒரு பயணக் கட்டுரையை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்று தொடக்கத்தில் கேட்டேன். இப்போது எனக்கு மூன்று அளவுகோல்கள் தெரிகின்றன. அந்த இடத்தாரின் சொல் அதில் ஏறியிருக்கிறதா? அங்கே வாழ்பவர்கள் அதில் மனிதர்களாக இருக்கிறார்களா? எழுதியவரின் கையும் எழுதப்பட்டதில் பட்டிருப்பது தெரிகிறதா? இந்த மூன்றும் இருந்தால் ஒற்றுப்பிழையைத் திருத்திக்கொள்ளலாம். இவை இல்லாதபோது உவமைகள் எத்தனை அடுக்கினாலும், அவை வெளுத்த பவளத்தின் வெண்மையே: கண்ணுக்கு அழகு, உள்ளே பட்டினி.

மற்ற எட்டுப் பேரிடமும் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் படகோட்டி என்ன சொன்னார் என்று நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூவர் மறுபடி எழுதித் தந்துவிட்டார்கள். அந்த மாணவியின் இரண்டு பக்கங்களை இதழுக்கு அனுப்புகிறேன். அதில் பாரின் பெயர் இருக்கிறது, தாத்தாவும் இருக்கிறார்.